மாதிரிப் பக்கத்தைப் பார்த்த எழுவர்

கலாராணிக்கு அந்தத் துண்டுப்பிரசுரத்தைப் பக்கமாக்க இரண்டரை நாள் பிடித்தது. அதைப் பார்க்க அவள் வேலை பார்க்கும் கந்தோருக்கு நாற்பத்தேழு நாள் போதவில்லை. பார்க்க என்றால் திருத்த அல்ல, அச்சடிக்க அல்ல; வெறுமனே கண்ணால் பார்க்க. இதைச் சொன்னால் வெளியாட்கள் நம்பமாட்டார்கள். கண்டி பேராதனை வீதியில், மும்மொழிப் பிரசுரச் செயலகம் என்ற பலகை தொங்கும் மாடிக் கட்டடத்தில் ஒரு வாரமாவது வேலை பார்த்தவர்கள், நாற்பத்தேழு நாள்தானா என்று கேட்பார்கள்.

பிரசுரத்தின் விசயம் சின்னதுதான். கலஹாப் பக்கம் கல்லூற்றுத் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பின்னால் மலை பிளந்து வெடிப்பு விட்டிருந்தது. ஆய்வாளர்கள் செப்டம்பரில் வந்து அளந்து, படம் பிடித்து, எழுதிக் கொடுத்துவிட்டார்கள்: இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் இருபத்திரண்டு குடும்பமும் வீட்டை விட்டு இறங்கித் தோட்டப் பாடசாலைக்குப் போய்விட வேண்டும். வெடிப்பின் படம், போகவேண்டிய பாதையின் வரைபடம், மழை அளவின் அட்டவணை, பாடசாலையைத் திறந்துவிடும்படி அதிபருக்கு ஒரு வரி. எல்லாம் சேர்த்து ஒரே பக்கம். அந்த இருபத்திரண்டு குடும்பத்தில் ஒன்று கலாராணியின் தம்பி யோகராஜின் குடும்பம். அவனும் பெண்சாதியும் இரண்டு பிள்ளைகளும் இரண்டாவது லயத்தில் மூன்றாவது காம்பராவில், ஒற்றை அறையில், இருந்தார்கள். அவள் பிறந்ததும் அதே காம்பராவில்தான்.

செயலகத்தில் ஒரு விதி உண்டு. எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகுமுன் ஓர் உத்தியோகத்தர் அதைக் கணினித் திரையில் பார்த்து, 'திரையில் பார்த்தேன்' என்று படிவத்தில் ஒப்பமிட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் மே மாதத்தில் வெசாக் போயா விடுமுறையே இல்லாமல் ஒரு கலண்டர் அச்சாகி, ஊர் முழுக்கச் சுவரில் தொங்கிய பிறகு வந்த விதி அது. அந்தக் கலண்டரையும் மூன்று பேர் பார்த்துத்தான் விட்டார்கள் என்பதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

பக்கத்தைத் திரையில் காட்டுவதற்கென்று தனியாக ஒரு மென்பொருள் இருந்தது. கலாராணி எழுத்தையும் அளவுகளையும் ஒரு கோப்பில் எழுதிக் கொடுப்பாள். ஒரு மென்பொருள் அதை வரிவரியாக அடுக்கிப் பக்கமாக்கும். அச்சில் எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டுவது மற்றது. முன்காட்சி என்று அதற்குப் பெயர். ஒக்டோபர் மூன்றாம் திகதி பிரசுரத்தை முடித்துவிட்டு அவள் அந்த முன்காட்சியைத் திறந்தாள். திரை சாம்பல் நிறமாக நின்றது. கணினிகளைப் பராமரிக்கும் பஹ்மியைக் கூப்பிட்டாள். மடவளையிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும் பையன்; கை சுறுசுறுப்பு, வாய் அதைவிடச் சுறுசுறுப்பு.

"அக்கா, இது மவுத்தாப் போச்சு," என்றான், இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு. "புதுக் கம்பியூட்டரோட இது ஒத்துப் போகாது. பரவால்ல. இதப்போல இன்னம் மூணு நாலு ஈக்கு. சும்மாவே கெடைக்கிது. பத்து நிமிஷம் தாங்க, போட்டுத் தாரேன்."

போட்டுத் தந்திருக்கலாம். அந்தப் பத்து நிமிடத்துக்கு எழுத்தில் அனுமதி கேட்டதுதான் அந்தப் பையன் செய்த பிழை. கடிதம் மேல்மாடிக்குப் போனது. இரண்டு வாரத்தில் மேல்மாடியிலிருந்து ஒரு குழு இறங்கி வந்தது.

திரைமுன்காட்சி மென்பொருள் தெரிவுக் குழு. அங்கத்தவர் ஏழு பேர். தலைவர் பிரதிப் பணிப்பாளர் கனகேந்திரன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து இருபது வருடமாகக் கண்டியில் இருப்பவர். சட்டைப் பையில் மூன்று பேனை, மூன்றுக்கும் மூடி இருக்கும். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. யாருடைய வீட்டுச் சாவுக்கும் போவார், முன் வரிசையில் உட்காருவார். முதல் கூட்டத்தில், குறிப்பெடுக்க உட்கார்த்தப்பட்ட கலாராணியின் முன்னால், அவர் எழுந்து நின்று பேசினார்.

"ஒரு மென்பொருளைத் தெரிஞ்செடுக்கிறது விளையாட்டு விசயமில்லை. நாங்கள் அவசரப்பட்டு நல்லதொண்டைத் தெரிஞ்செடுத்திட்டம் எண்டு வையுங்கோ. ஏன் நல்லதை எடுத்தனீங்கள் எண்டு நாளைக்கு ஒரு விசாரணை வந்தால் என்ன மறுமொழி சொல்லுறது? கூடாததை முறைப்படி எடுத்தால் ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கலாராணி அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

மூன்று மென்பொருள்கள் தெரிவுக்கு வந்தன. பெயர் தெரிந்தால் பக்கச்சார்பு வந்துவிடும் என்று அவற்றுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைத்தார்கள். எது எது என்பதை ஓர் உறையில் போட்டு அரக்கு வைத்து அலுமாரியில் பூட்டினார்கள். எது எது என்று தெரிந்த ஒரே ஆள் பஹ்மி. அவற்றைக் கணினியில் போட்டவன் அவன்தானே. அவனுக்குக் கட்டளை போனது: மறந்துவிட வேண்டும். மறந்துவிட்டதாக அவன் மூன்று பிரதிகளில் எழுதிக் கையொப்பமிட்டான்.

அடுத்த சிக்கல், பார்ப்பது எப்படி என்பது. கணினி கீழ்மாடியில் இருந்தது. குழு கூடுவது மேல்மாடியில். கீழே போகலாமே என்று கேட்டால், அந்த அறையில் நான்கு கதிரைதான் உண்டு. மூன்று அங்கத்தவர் நிற்க வேண்டி வரும். யார் அந்த மூவர் என்பதைத் தீர்மானிக்க விதி இல்லை. திரையை மேலே கொண்டு வரலாமே என்றால், திரையின் முதுகில் கீழ்மாடி அறையின் இலக்கம் பொறித்திருந்தது. ஆகவே மூன்று மென்பொருளும் திரையில் காட்டுவதைப் படமெடுத்து, அந்தப் படத்தை நிறத்தில் அச்சடித்து, ஆளுக்கு மூன்று தாளாக மேலே அனுப்புவது என்று முடிவாயிற்று. கூட்டத்துக்கு இருபத்தொரு தாள்.

"அச்சடிக்காமப் பாக்குறதுக்குத்தானே அக்கா இந்தச் சாமானே?" என்று பஹ்மி கலாராணியின் காதில் கேட்டான்.

"பேசாம அடி தம்பி. சீக்கிரம் முடிஞ்சா சரி," என்றாள் அவள்.

பார்ப்பதற்கு ஒரு பக்கம் வேண்டுமே. எழுத்து, படம், வரைபடம், அட்டவணை, மூன்று மொழி எல்லாம் ஒன்றாக இருக்கும் பக்கமாக வேண்டும். செயலகத்திலேயே அப்படி ஒன்றுதான் இருந்தது. கனகேந்திரன் அதைக் கையில் எடுத்து நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அருமை," என்றார். "எல்லாம் இருக்கு. இதுதான் மாதிரிப் பக்கம்."

கலாராணிக்கு முதலில் சந்தோசமாகக்கூட இருந்தது. குழுவில் இருந்த சட்ட உத்தியோகத்தர் அம்மணி விளக்கிய பிறகுதான் அதன் அர்த்தம் விளங்கியது. மாதிரிப் பக்கமாக எடுத்துக்கொள்ளப்பட்ட ஆவணத்தில் தெரிவு முடியும்வரை ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது, அச்சுக்கு அனுப்பக் கூடாது, வெளியே விடக் கூடாது. தவறுதலாக யார் கையிலும் போய்ச் சேர்ந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு தாளிலும் குறுக்காக ஒரு முத்திரை. அதற்கென்றே ஊதா மையோடு புதிதாக ஓர் இறப்பர் முத்திரை செய்வித்தார்கள்: 'இது மாதிரி. உண்மையான அறிவித்தல் அல்ல.' குத்துகிற வேலை கலாராணிக்கு.

அவள் எழுந்து நின்றாள். "சார், வேற ஏதாவது பக்கத்த வச்சுப் பாருங்க சார். இது போய்ச் சேரணும், மழை தொடங்கிருச்சு. எங்க தம்பி குடும்பம் அந்த லயத்துலதான் சார் இருக்கு."

கனகேந்திரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளை அனுதாபத்தோடு பார்த்தார். "அப்ப உங்களுக்கு இந்தப் பக்கத்திலை சொந்த ஈடுபாடு இருக்கு. இதைக் கூட்டம் தொடங்க முன்னமே சொல்லியிருக்க வேணும், பிள்ளை." சொந்த ஈடுபாட்டை வெளிப்படுத்தும் படிவம் ஒன்று இருந்தது. அவள் அதை நிரப்பிக் கொடுத்தாள். தம்பியின் பெயர், காம்பரா இலக்கம், உறவுமுறை. அன்றிலிருந்து கூட்டங்களில் அவள் வாய் திறக்கக் கூடாது என்றும், குறிப்பு எடுக்கலாம் என்றும் தீர்மானமாயிற்று.

சாயந்தரம் தம்பிக்குப் போன் எடுத்தாள்.

"நீ சொன்னத எல்லார்கிட்டயும் சொன்னேன் அக்கா," என்றான் யோகராஜ். "ஸ்கூல்லயும் போய்க் கேட்டேன். கடுதாசி வரட்டும், தொறந்து விடுறேங்குறாங்க பிரின்சிபல் நிரோஷினி டீச்சர். அவங்களக் குத்தம் சொல்லவும் முடியாது. போன தடவ கடுதாசி இல்லாமத் தொறந்ததுக்கு விசாரணைக்குக் கூப்புட்டுட்டாங்களாம்."

"கடுதாசி வரும்டா. செஞ்சு முடிச்சுட்டேன்."

"அப்ப ஏன் வரல?"

"பாத்துக்கிட்டிருக்காங்க," என்றாள். அது பொய்யும் இல்லை.

இரண்டாவது கூட்டத்தில் சட்ட உத்தியோகத்தர் அம்மணி ஒரு குறிப்பு வாசித்தார். முன்காட்சி என்றால் நடப்பதற்கு முன் காண்பது. முன்பே கண்டவர் முன்பே அறிந்தவர் ஆவார். பின்னால் ஏதும் நடந்தால் எனக்குத் தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. ஆகவே அங்கத்தவர்கள் தங்கள் பாதுகாப்பைக் கருதிப் பக்கத்தின் தோற்றத்தை மட்டும் பார்க்க வேண்டும். உள்ளடக்கத்தை வாசிக்கக் கூடாது. கூட்டம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. ஏழு பேரும் 'வாசிக்கவில்லை' என்று ஒப்பமிட்டார்கள். அன்றிலிருந்து அந்த ஏழு பேரும் 'உடனே வெளியேறுங்கள்' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்ட ஒரு தாளை வாரத்துக்கு ஒரு தடவை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். ஒருவர்கூட அதை வாசிக்கவில்லை. அவ்வளவு ஒழுங்கான குழுவை அந்தச் செயலகம் அதற்கு முன் கண்டதில்லை.

மூன்றாவது கூட்டம் முழுவதும் பக்கத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்ப்பது என்பதில் போனது. ஒருவர் நூறு வீதம் என்றார், ஒருவர் நூற்றைம்பது என்றார், களஞ்சியப் பொறுப்பாளர் எழுபத்தைந்துக்கு மேல் போனால் ஆடம்பரம் என்றார். ஏழு பேர் சொன்னதையும் கூட்டி ஏழால் பிரித்தார்கள். நூற்றுப் பதின்மூன்று வந்தது. ஒருவருக்கும் பிடிக்காத எண் என்பதால் அதுவே நீதியானது என்று ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

நான்காவது கூட்டத்தில்தான் மொழி ஆலோசகர் அந்தப் பிரச்சினையைக் கிளப்பினார். அ மென்பொருளில் பார்க்கும்போது வெடிப்பின் படம் பயமாக இருக்கிறது. ஆ-வில் அவ்வளவு பயம் இல்லை. இ-யில் பயமே இல்லை. இந்தப் பயம் மென்பொருளுடையதா, படத்துடையதா? ஒரு மணித்தியாலம் விவாதித்தார்கள். இடையில் மீன் வைத்த மாலு பணிசும் பிளேன்டியும் வந்தன. கடைசியில் கனகேந்திரன் மேசையில் தட்டினார்.

"அசலைப் பாக்காமல் நகலைப் பற்றிக் கதைக்கேலாது. வெடிப்பை நேரை போய்ப் பாத்து, எந்த மென்பொருள் உண்மையைக் காட்டுது எண்டு ஒப்பிட வேணும்."

வாய் திறக்கக் கூடாத கலாராணிக்குப் பேனை கையிலிருந்து நழுவிவிட்டது. கடவுளே, இவர்கள் அங்கே போகப் போகிறார்கள். கண்ணால் பார்த்தால் போதும், எந்த மடையனுக்கும் விளங்கும். அன்றிரவு வீட்டில் பிள்ளையார் படத்துக்கு ஒரு கற்பூரம் கூடுதலாகக் கொளுத்தினாள்.

நவம்பர் ஏழாம் திகதி செயலக வான் கல்லூற்றுத் தோட்டத்து மேற்பிரிவில் ஏறியது. ஏழு பேர், ஏழு குடை, இருபத்தொரு தாள். தாள்களைப் பொலித்தீன் உறையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் கலாராணி. லயத்துச் சனம் முழுவதும் வாசலுக்கு வந்து நின்றது. முன்னால் வந்து கும்பிட்டவர் பொன்னையா. எழுபத்துநாலு வயது, தேயிலை ஸ்டோரில் காவற்காரராக இருந்து ஓய்ந்தவர், பெண்சாதி ராக்கம்மா போன பிறகு தனிக்கட்டை. கலாராணிக்கு முறைக்கு மாமா. ஐயாமாருக்குப் பூப்போட்ட கோப்பைகளில் தேத்தண்ணி கொடுத்தார். ராக்கம்மா இருந்த காலத்தில் வெளியே எடுக்காத கோப்பைகள் அவை. கனகேந்திரன் குடித்துவிட்டு, "நல்ல சாயம்," என்றார். பொன்னையாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

யோகராஜ் அவர்களை லயத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். ஏழு பேரும் வெடிப்பின் ஓரமாக வரிசையில் நின்று, கையிலிருந்த தாளையும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"தம்பி, இந்த வெடிப்பு இந்தப் படத்திலை இருக்கிற மாதிரியே இருக்கோ?" என்று கனகேந்திரன் கேட்டார்.

"படத்துல இருக்குறது சின்னது சார். அது செப்டம்பர்ல எடுத்தது. அப்ப கைதான் உள்ள போகும். இப்பப் பாருங்க." யோகராஜ் தன் காலை முழங்கால்வரை உள்ளே விட்டுக் காட்டினான்.

கனகேந்திரன் பேனையின் மூடியைக் கழற்றி எழுதினார்: 'அசலைவிடத் திரையில் சிறிதாகத் தெரிகிறது. மூன்று மென்பொருளுக்கும் பொதுவான குறை.' மண்ணின் நிறம் ஆ-வில்தான் சரி என்று ஐந்து பேர் சொன்னார்கள். இருவர் வெயில் இல்லாததால் கருத்துச் சொல்ல மறுத்தார்கள்.

கலாராணிக்குப் பொறுக்க முடியவில்லை. தீர்மானமாவது மண்ணாங்கட்டியாவது. "சார், வந்தது வந்தீங்க. இவங்ககிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க சார். மழை பேஞ்சா எறங்கிடச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

அவர் குடையைச் சாய்த்து அவளைப் பார்த்தார். உண்மையாகவே அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. "நாங்கள் உள்ளடக்கம் வாசிக்கேல்லை எண்டு கையெழுத்து வைச்சிருக்கிறம், பிள்ளை. வாசிக்காத விசயத்தை எப்பிடிச் சொல்லுறது?"

இருபத்தொரு தாளையும் எண்ணி வாங்கி உறையில் போட்டாள். வான் இறங்கிப் போயிற்று.

கேடு அதோடு முடிந்திருந்தால் போகட்டும். அன்று சாயந்தரம் தம்பி போன் எடுத்தான். அவன் குரலில் ஒரு மாதிரியான தெளிவு இருந்தது. "அக்கா, சனம் எல்லாம் நிம்மதியாயிருச்சு. இத்தன நாளாப் பயந்துகிட்டுக் கெடந்தாங்க. ஏழு ஐயாமாரு குடையோட வந்து, படத்தையெல்லாம் வச்சுப் பாத்து, எழுதிக்கிட்டுப் போயிருக்காங்க. ஆபத்துன்னா சொல்லாமப் போவாங்களான்னு பொன்னையா மாமா கேக்குறாரு. எனக்கும் சரின்னுதான் படுது."

"டேய், அவங்க மலையப் பாக்க வரலடா. படத்தப் பாக்க வந்தாங்க."

"படத்தப் பாக்கவா இவ்வளவு தூரம் வருவாங்க?" என்று அவன் சிரித்தான். அவன் சிரித்ததில் நியாயம் இருந்தது. அவளே பார்க்காமல் யாராவது சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருக்கமாட்டாள்.

நவம்பர் பதினைந்தில் பிடித்த மழை விடவில்லை. பதினாறாம் திகதி செயலக மாடியிலிருந்து பார்த்தால் பஹிரவகந்தை மலைமேலிருக்கும் புத்தர் சிலையையே காணவில்லை. பதினேழு காலை கலாராணி அலுமாரியைத் திறந்தாள். முன்னைய கூட்டங்களின் தாள்கள் கட்டுக் கட்டாக இருந்தன. முப்பதை உருவித் தன் பைக்குள் வைத்தாள். திரும்பினால் பஹ்மி நின்றான்.

"நான் ஒண்டும் பாக்கல்ல அக்கா," என்றான். "நான் மறந்துபோற ஆள். மூணு கொப்பியில எழுதிக் குடுத்திரிக்கேன்." தன்னுடைய மழைக்கோட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினான். "அல்லா காவல். ஓடுங்க."

கலஹா பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது; ரோட்டில் மரம். மிச்சத்தை நடந்தாள். மேற்பிரிவுக்குப் போய்ச் சேரும்போது பகல் இரண்டு மணி. முதலில் பாடசாலைக்குப் போனாள். நிரோஷினி டீச்சர் தாளை வாங்கி மேலிருந்து கீழாக வாசித்தார். திரையைப் படமெடுத்த தாள் என்பதால் பக்கத்தைச் சுற்றி மென்பொருளின் சட்டகமும் பொத்தான்களும் தெரிந்தன. நடுவில் குறுக்காக ஊதா முத்திரை. டீச்சர் முத்திரையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"எனக்கு இந்த எழுத்து மட்டும்தான் தெரியுது, அக்கா. 'பாடசாலையைத் திறந்துவிடவும்'னு போட்டிருக்கு." சாவியை எடுத்துக்கொண்டு அவர் மழையில் இறங்கி ஓடினார்.

லயத்தில் அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. வீடு வீடாகத் தாளைக் கொடுத்தாள். எல்லோரும் கேட்டது ஒன்றையேதான்: இதில் உண்மையில்லை என்று போட்டிருக்கிறதே? யோகராஜும் கேட்டான். அவள் நடு வாசலில், நனைந்து நின்றபடி, ஓவென்று அழுதுவிட்டாள். அக்கா அழுது அவன் பார்த்ததில்லை. அம்மா செத்த அன்றைக்குக்கூட அவள் அழவில்லை. அவன் உள்ளே போய்ச் சின்னவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவன் இறங்கவும் பக்கத்து வீடு இறங்கியது, அதற்குப் பக்கத்து வீடு இறங்கியது. ஐந்து மணிக்கெல்லாம் இருபத்தொரு குடும்பம் பாடசாலையில் இருந்தது.

பொன்னையா இறங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தாளை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"'உண்மையான அறிவித்தல் அல்ல.' கவர்மெண்டே சொல்லுதே தாயி."

"மாமா, அந்தச் சீலக் குத்துனதே நான்தான். இந்தக் கையாலதான் குத்துனேன்."

"நீ குத்துனா என்ன? கவர்மெண்டு சீலுதானே." அவர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் அவருடைய பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தது. "இந்த நாட்டுல நான் யாருன்னு தெரியாம முப்பது வருசம் கெடந்தேன். இந்தியாக்காரனும் எங்க ஆளு இல்லன்னுட்டான், இங்க உள்ளவனும் எங்க ஆளு இல்லன்னுட்டான். இந்தா இந்தச் சீலு விழுந்த பொறவுதான் மனுசனானேன். சீலு பொய் சொல்லாது தாயி. நீ பயந்து போயிருக்க. போ, போயிப் புள்ளைங்களப் பாரு."

அவள் கையைப் பிடித்து இழுத்தாள். கிழவர் தளரவில்லை. அவளுடைய தாளை மரியாதையாக மடித்துத் தன் பத்திரத்தோடு அதே உறைக்குள் வைத்துக்கொண்டார். அவள் பாடசாலைக்கு ஓடி வந்து சொன்னதும், யோகராஜ் இன்னும் இரண்டு பேரோடு போய்த் தூக்கிக்கொண்டு வரலாம் என்று கிளம்பினான். அதற்குள் லயத்துக்கும் பாடசாலைக்கும் நடுவிலிருந்த பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஏறிவிட்டது.

விடிகிற நேரம் மலை வந்தது. பாடசாலையில் இருந்தவர்களுக்குச் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டு நாள் கழித்து அவரை எடுத்தார்கள். உறை கிழிந்து உள்ளே தண்ணீர் போயிருந்தது. துண்டுப்பிரசுரத்தில் ஓர் எழுத்து மிஞ்சவில்லை. படம், வரைபடம், 'உடனே வெளியேறுங்கள்' எல்லாம் கரைந்து வெள்ளைத் தாளாகிவிட்டது. ஊதா முத்திரை மட்டும் அச்சொட்டாக அப்படியே இருந்தது. கனகேந்திரன் மரண வீட்டுக்கு வந்தார். முன் வரிசையில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், நடிப்பில்லை.

மறுநாள் குழு கூடியது. கலாராணிக்கு முதலில் ஒரு கடிதம் கொடுத்தார்கள்: மாதிரிப் பிரதிகள் முப்பதை அனுமதியின்றி வெளியே கொண்டு சென்றமைக்கு விளக்கம் தரவும். அதன் பிறகு அலுவல் தொடங்கியது.

"துக்கமான விசயம்," என்றார் கனகேந்திரன். "ஆனால் எங்கடை பக்கத்திலை இருந்து பாத்தால் இன்னொரு சிக்கலும் இருக்கு. ஒப்பிட்டுப் பாத்த வெடிப்பு இப்ப அங்கை இல்லை. அசல் இல்லாத பக்கத்தை மாதிரியா வைச்சிருக்கேலாது. புதுசா ஒரு பக்கம் எடுத்து முதலிலை இருந்து தொடங்க வேணும்."

அன்று காலை பணிப்பாளர் உத்தரவுப்படி கலாராணி ஒரு பக்கம் செய்திருந்தாள். செயலகத்தின் அனுதாப அறிவித்தல். கறுப்புக் கட்டம், ஒரு படம், மூன்று மொழி. அதில் எல்லாம் இருந்தது. கனகேந்திரன் அதை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். 'அருமை' என்று இந்தத் தடவை சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பஹ்மி மூன்று மென்பொருளிலும் அதைத் திறந்து, படமெடுத்து, அச்சடித்துக் கொண்டுவந்து வைத்தான். அவன் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. யாரோ முத்திரையையும் மைப்பெட்டியையும் அவள் பக்கம் நகர்த்தினார்கள்.

முதல் தாளில் அவள் குத்தினாள். மை பிடித்ததா என்று வழக்கம்போலக் குனிந்து பார்த்தாள். கல்லூற்றுத் தோட்டம், மேற்பிரிவு, பொன்னையா, வயது எழுபத்துநான்கு, காலமானார். அதற்குக் குறுக்கே ஊதா நிறத்தில்: இது மாதிரி. உண்மையான அறிவித்தல் அல்ல.

சீலு பொய் சொல்லாது தாயி என்று அவர் சொன்னது அவளுக்குக் கேட்டது. அவளும் அதை நம்பிப் பார்த்தாள். பூப்போட்ட கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கிழவர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மூச்சு விடுகிற நேரம் அவளால் நம்ப முடிந்தது.

"இன்னும் இருபது தாள் இருக்கு, பிள்ளை," என்றார் கனகேந்திரன்.